துணைக்கு ஆள் இல்லையென்றால் காரணம் எழுதவும்

போன வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு, முந்தின ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காத வயிற்றோடு, பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், அடையாளக் கார்டு எண், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பொய்ப்பல் கட்டியிருக்கிறீர்களா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எல்லாம் சரசரவென்று போனது. இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. உடன் வந்திருப்பவர் பெயர் என்று ஒரு கோடு. அதன் கீழே உறவுமுறை. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், யாரும் வரவில்லையென்றால் காரணம் எழுதவும். பாரம் முழுக்க ஆங்கிலம். காரணத்துக்கு அவர்கள் ஒதுக்கியிருந்த இடம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

ஸ்கோப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று மாதமாகச் சாப்பிட்டு முடித்த கையோடு நெஞ்சுக்குக் கீழே ஓர் எரிச்சல், காப்பி குடித்தால் இன்னும் மோசம், கிளினிக்கில் கொடுத்த வெள்ளைத் தண்ணி மருந்தெல்லாம் இரண்டு நாளைக்குத்தான் கேட்டது. சரி, கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்று தேதி வாங்கினேன். அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன், ஆயர் ஈத்தாமிலிருந்து நானே காடி ஓட்டிக்கொண்டு வந்தேன். துணைக்கு ஆள் வேண்டும் என்று தேதி கொடுத்த அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதம் தந்திருந்தார்களாம். அது இப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது, மடிப்புக் கலையாமல்.

காரணம் என்ற கோட்டில் முதலில் 'ஐ ஆம் அலோன்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் கடலில் மிதக்கும் பாட்டிலுக்குள் இருக்கிற கடுதாசி மாதிரி இருந்தது. 46 வயசு, இருபது வருஷமாக பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிற பொம்பளை, வயிற்று எரிச்சலுக்கு வந்த இடத்தில் இப்படியா எழுதுவாள்? அடித்தேன்.

கவுண்டரில் இருந்தது நம்ம பிள்ளைதான், இருபத்து மூன்று வயசு இருக்கும். அடித்த பாரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, கூட யாரு வந்திருக்கா?" என்றாள்.

"யாரும் வரலம்மா."

"தனியாவா வந்தீங்க?"

அந்த 'வா'வை அவள் இழுத்த இழுப்பில் என் மொத்தக் குடும்ப வரலாறும் வந்துவிட்டது. தமிழில் இதுதான் வசதி, இதுதான் தொல்லையும். 'தனியா' என்று ஒரே ஒரு சொல். ராகத்தை மாற்றினால் அர்த்தம் மாறும். 'தனியாவா!' என்று மெச்சலாம், 'தனியா...' என்று பரிதாபப்படலாம், 'தனியாவா?' என்று சந்தேகப்படலாம். மளிகைக் கடையில் போய்க் கேட்டால் கொத்தமல்லி விதையை நிறுத்துக் கொடுப்பான், அது வேறு. இப்போது என்னிடம் கேட்டது மூன்றும் கலந்த ராகம். நான் பதில் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. "ஊசி போட்டா காடி ஓட்ட முடியாதுக்கா, ஆள் இல்லாம டாக்டர் செய்ய மாட்டாங்க. யாரையாச்சும் கூப்பிட்டுப் பாருங்க, இல்லாட்டி ரீசன் எழுதுங்க, நான் உள்ள கேட்டுப் பாக்குறேன்," என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குப் பக்கத்து வரிசையில் மேடானிலிருந்து வந்த ஒரு பாட்டி. சுமத்ராவிலிருந்து வைத்தியத்துக்குப் பினாங்கு வருவது புதிதில்லை, விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்தப் பாட்டியோடு வந்திருந்தது ஏழு பேர். நான் எண்ணினேன். ஒருத்தி செருப்பைப் பிடித்திருந்தாள், ஒருத்தன் பாஸ்போர்ட்டுகளை, ஒருத்தர் சும்மா நின்றுகொண்டு மற்றவர்களுக்கு யோசனை சொன்னார். பாட்டியின் பாரத்தில் 'உடன் வந்தவர்' கோடு போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருப்பார்கள்.

சரி, காரணம். எந்தச் சொல்லைப் போடுவது?

சின்ன வயசில் செபராங் பிறையில் தோட்டப் பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது, ஆங்கிலக் கட்டுரையில் 'ஆன் அலோன் மேன்' என்று எழுதி டீச்சரிடம் சிவப்பு வட்டம் வாங்கியிருக்கிறேன். அலோன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் உட்காராது. மனிதன் அலோனாக இருக்கலாம், அலோன் மனிதன் என்று ஒருவன் கிடையாது. அஸ்லீப், அஃப்ரெய்டு, அலைவ் எல்லாம் அதே சாதி. அந்த டீச்சர் விதியைச் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை. பிற்பாடு நானாகத் தேடிப் படித்தேன். இடைக்கால ஆங்கிலத்தில் 'ஆல்' என்பதும் 'ஒன்' என்பதும் ஒட்டித்தான் அலோன் ஆகியிருக்கிறது, அதாவது முழுக்க ஒன்று. அதன் தலையை வெட்டி 'லோன்' பண்ணினார்கள், வால் ஒட்டி 'லோன்லி' பண்ணினார்கள். லோன்லியும் முதலில் ஆள் இல்லாமல் இருப்பதைத்தான் சொன்னது. ஆள் இல்லையே என்று வருந்துவது அதில் ஏறியது பின்னால்தான், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தையொட்டி. ஆக, வெறும் எண்ணிக்கையாக இருந்த சொல்லிலிருந்து பிறந்தது ஒரு துக்கம். இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன. அலோன் என்பது எண்ணிப் பார்த்து யாரும் சொல்லக்கூடியது. கவுண்டர் பிள்ளைகூடச் சொல்லிவிடலாம், நாற்காலியில் ஒரு ஆள், அவ்வளவுதான். லோன்லி அப்படியில்லை. அதை நான் சொன்னால்தான் உண்டு. இன்னொருத்தரைப் பார்த்து 'பாவம், லோன்லி' என்பவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் கோபம் உண்டு, என் வயிற்றெரிச்சலை அவர்கள் எப்படிச் சொல்ல முடியாதோ அப்படித்தான் இதுவும்.

லோன்லி என்று எழுதவே இல்லை. அது பொய்.

'ஐ ஆம் சிங்கிள்' என்று எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், சிரிப்பு வந்தது. மருத்துவமனைப் பாரத்தில் காரணம் கேட்டால் சிங்கிள் என்று எழுதுகிறவள் வேறு எதற்கோ விண்ணப்பம் போடுகிறாள் என்று நினைப்பார்கள். இந்த நாட்டில் எந்தப் பாரத்திலும் அந்தக் கட்டம் எப்படியும் இருக்கும், மலாயில் 'புஜாங்' என்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல், அந்த மட்டில் மலாய் கண்ணியமான மொழி. ஆங்கிலத்தில் ஆணுக்கு பேச்சலர், பெண்ணுக்கு ஸ்பின்ஸ்டர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் கல்யாணப் பதிவேட்டிலிருந்து அந்த இரண்டையும் தூக்கிவிட்டு எல்லாரையும் சிங்கிள் ஆக்கியதே 2005இல்தான். ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்பவள். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண்ணாடி வேண்டும்.

'சாலிட்யூட்' நல்ல சொல். ஆனால் அதற்கு வாடகை அதிகம். பத்து ஃபெரிங்கியில் கடலைப் பார்த்த பால்கனி உள்ளவர்களுக்கு சாலிட்யூட், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் துணி காயப்போடுகிறவளுக்கு அது ஒட்டாது. 'சாலிட்டரி' என்றால் உடனே சிறைதான் ஞாபகம் வருகிறது. ஆங்கிலத்தில் துறவியைச் சொல்லும் 'மங்க்' என்ற சொல்லே கிரேக்கத்தில் தனியாள் என்ற பொருளில் இருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கெக் லோக் சி கோயில் தெரியும். அங்கே துறவிகள் கூட்டமாகத்தான் இருக்கிறார்கள், கூட்டமாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் 'ஐசொலேட்டட்'. இந்தச் சொல்லைப் பினாங்குக்காரர்கள் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். லத்தீனில் இன்சுலா என்றால் தீவு, அது இத்தாலி வழியாக வந்து ஐசொலேட் ஆனது. ஒருவரை ஐசொலேட் செய்வது என்றால் அவரைத் தீவாக்குவது. இதே காரியத்தை மலாயும் செய்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். புலாவ் என்றால் தீவு, 'மெமுலாவ்கான்' என்றால் ஒருவரை ஒதுக்கிவைப்பது, புறக்கணிப்பது. இரண்டு மொழிக்கும் கடலில் நிற்கிற ஒரு துண்டு நிலத்தைப் பார்த்ததும் ஒதுக்கப்பட்ட மனிதன்தான் ஞாபகம் வந்திருக்கிறான். நமக்கு 'தள்ளிவைப்பது'தான், தீவு தேவைப்படவில்லை, ஊரே போதும்.

நான் தினமும் வேலைக்குப் போகிற கடலோர ரோட்டிலிருந்து ஜெரெஜாக் தீவு தெரியும். பச்சையாக, சாதுவாக, ஒரு எருமை படுத்திருக்கிற மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த இடம் அது. கப்பலில் வந்திறங்கிய கூலியாட்களை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைத்ததும் அங்கேதான். 1969இலிருந்து 1993 வரை சிறை. என் தாத்தாவின் அப்பா அந்த வழியாக வந்தாரா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை, ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் முதலில் மிதித்த மண் அதுதான். ஒரு கப்பல் ஆட்களோடு சேர்த்து ஐசொலேட் செய்யப்பட்டவர்கள். நூற்றுக்கணக்கான பேர், ஒருத்தர்கூட அலோன் இல்லை.

இதையெல்லாம் சுண்டுவிரல் நீளத்தில் எழுத முடியாது. மணி ஏழு நாற்பது.

அண்ணனுக்கு ஃபோன் போட்டால் என்ன ஆகும் என்று தெரியும், இருந்தாலும் போட்டேன். கிள்ளானில் இருக்கிறார், வர முடியாது, ஏதாவது யோசனை சொல்லுவார் என்று ஓர் ஆசை. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அண்ணிய அனுப்பியிருப்பேனே. தனியா ஏன் போன?" பின்னாலிருந்து அம்மாவின் குரல், "யாருடா, சின்னதா? ஒண்டியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளா?" என்று. அம்மாவுக்கு நான் 'தனியா' இல்லை, எப்போதுமே 'ஒண்டியா'. கோயிலில் யாராவது விசாரித்தால் "மூத்தவன் கிள்ளான்ல இருக்கான், சின்னது அங்க பினாங்குல ஒண்டிக்கட்டையா கெடக்கு" என்பார். ஒண்டிக்கட்டை என்ற சொல்லில் கோபமே வராது எனக்கு. ஒரு கட்டை, அதுவும் ஒண்டி, கிடக்கிறது. அடுப்புக்குப் போகிற வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. 'தனிமரம் தோப்பாகாது' என்று சித்தப்பா ஒரு தடவை அறிவுரை சொன்னபோதுதான் எரிச்சல் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் நான், நிரை நிரையாக ஒரே இடைவெளியில் நிற்கிற மரங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தினம் ஒருத்தர் வந்து கீறிவிட்டுப் போவார். தோப்பாவதில் அப்படி என்ன சுகம் என்று கேட்டேன். சித்தப்பா அதற்கப்புறம் எனக்குப் பழமொழி சொல்லுவதில்லை.

பொய் சொல்லக் கூடாது, லோன்லி என்று நான் எழுதவே முடியாதவள் இல்லை. அது எப்போது என்றால், போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி, அண்ணன் வீட்டில். பதினாறு பேர். முறுக்கு சுட்ட எண்ணெய் வாசம் திரைச்சீலையில்கூட ஏறியிருந்தது, சிரித்துச் சிரித்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பதினொன்றரைக்கு ஒவ்வொரு அறையாகக் கதவு சாத்தியது. அண்ணன், அண்ணி. அண்ணியின் தங்கை, அவள் வீட்டுக்காரர். கல்யாணமான பெரிய மகன், மருமகள். கடைக்குட்டி மட்டும் ஹாலில் நின்று, "அத்தை எங்க படுப்பாங்க?" என்று கேட்டது. யாரும் தப்பாக நினைக்கவில்லை, "அத்தைக்குக் காத்து மெத்தை இருக்குல்ல" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், அன்பாகத்தான். அந்தக் காற்று மெத்தையை நானே மிதித்து மிதித்து ஊதினேன். மீன் தொட்டி மோட்டார் ராத்திரி முழுக்க ஓடியது. தொட்டிக்குள் ஒரே ஒரு அரோவானா. அந்த மீனை இன்னொன்றோடு சேர்த்து விட்டால் சண்டை போடும் என்பதால் தனியாகத்தான் வைப்பார்களாம், அண்ணன் ஒரு தடவை சொன்னது. விளக்கை அணைத்த பிறகும் அது கண்ணைத் திறந்துகொண்டு என் பக்கமே திரும்பித் திரும்பி நீந்திக்கொண்டிருந்தது, மீனுக்கு இமை கிடையாதே.

அது லோன்லி. பதினாறு பேர் வீட்டில். அலோன் இல்லவே இல்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாம் பாசாரில் நாலு கெம்போங் மீன் வாங்கிவந்து, வயிற்றைக் கீறி, மஞ்சளும் மிளகாய்த் தூளும் அடைத்து, மின்னல் எஃப்எம்மைச் சத்தமாக வைத்துக்கொண்டு, நாலில் இரண்டைப் பொரித்து, நின்றபடியே கையால் பிய்த்துத் தின்றேன். அது அலோன். லோன்லி பக்கத்தில்கூட வரவில்லை. இதைத் தமிழில் 'ஏகாந்தம்' என்றால் சாமியார் வாடை அடிக்கிறது, மீன் வாடைக்கும் அதற்கும் ஒத்துவராது. 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்று ஔவையார் பாடியதாக எல்லாரும் எடுத்துவிடுவார்கள், அதோடு நிறுத்தியும்விடுவார்கள். அந்தப் பாட்டில் ஏகாந்தம் முதல் படிதான். அதனினும் இனிது, அதனினும் இனிது என்று ஏறி, கடைசியில் அறிவுள்ளவர்களைக் கனவிலும் நனவிலும் காண்பதில் போய் முடியும். தனியாக இருப்பது இனிது என்று தொடங்கிவிட்டு, ஆளைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார் கிழவி.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தொல்காப்பியத்தில், உரியியலில், 'புலம்பே தனிமை' என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டே சொல். புலம்பு என்றால் தனிமை என்று அர்த்தம் சொல்லுகிறது. நாம் இப்போது புலம்பல் என்றால் என்ன சொல்லுகிறோம்? ஓயாமல் குறைப்பாட்டுப் பாடுவது. 'சும்மா புலம்பாத' என்று அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை யாராவது யாருக்காவது சொல்லுகிறோம். தனிமையாக இருந்த சொல் வாய்விட்டு அழுவதாகி, அப்புறம் தொணதொணப்பாகிவிட்டது. ஆங்கிலக்காரன் தனியாக இருப்பதை மனசுக்குள் கொண்டுபோய் லோன்லி என்று வைத்தான், நாம் அதை வாய்க்குக் கொண்டுவந்துவிட்டோம். அவன் சொல்லாமல் வாடுவான், நமக்குப் பக்கத்தில் கேட்க யாராவது வேண்டும். கேட்க ஆள் இருந்தால் அது தனிமையா என்று தொல்காப்பியரைத்தான் கேட்க வேண்டும்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு அந்தப் பிள்ளை மறுபடி கூப்பிட்டாள். பாரத்தில் நான் கடைசியாக எழுதியிருந்தது 'கேம் பை மைசெல்ஃப்'. பை மைசெல்ஃப்புக்கும் ஆன் மை ஓனுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் தடுமாறினேன். பை மைசெல்ஃப் என்பது எனக்கு 'என் பக்கத்தில் நான்' என்று கேட்கிறது, வெறும் தகவல். ஆன் மை ஓன் என்றால் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தல் இருக்கிறது, சொந்தக் காலில் நிற்கிற மாதிரி. மலாயில் இதற்கு 'பெர்டிக்காரி' என்பார்கள். 'பெர்டிரி டி ஆத்தாஸ் காக்கி செண்டிரி', தன் காலில் தான் நிற்பது என்பதை நறுக்கி ஒட்டிய சொல். ஆனால் தூக்க ஊசி போட்டுப் படுக்கப் போகிறவள் காலில் நிற்பதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது என்று பை மைசெல்ஃப்பையே வைத்தேன்.

உள்ளேயிருந்து வந்த நர்ஸ், ஐம்பது வயசு மலாய்க்கார அம்மா, அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். இது காரணம் இல்லை, நீங்கள் தனியாக வந்ததைத்தான் மறுபடி எழுதியிருக்கிறீர்கள் என்றார் மலாயில். சரியாகத்தான் பிடித்தார். முக்கால் மணி நேரமாக நான் ஒரு சொல்லைத் தேடினேன், அவர்கள் கேட்டது சொல்லே இல்லை. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். அந்த ஊசி போட்டால் கொஞ்ச நேரத்துக்கு ஞாபகம் பதியாது. நீங்கள் எழுந்து உட்கார்ந்து பேசுவீர்கள், டாக்டர் சொல்லுவதற்கெல்லாம் சரி சரி என்பீர்கள், வீட்டுக்குப் போனதும் ஒன்றும் நினைவிருக்காது. அதனால்தான் இன்னொரு காது வேண்டும், செண்டிரியா, அதாவது தானாக வந்தீர்களா, இல்லையா என்பது எங்களுக்கு எதற்கு?

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எதிர்வீட்டு ஆண்ட்டியைக் கூப்பிட்டேன். அவரை ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று கேட்காதீர்கள். ஒன்பது வருஷமாக எதிரெதிர் கிரில் கதவு. எழுபது தாண்டிய சீனக் கிழவி, தனியாகத்தான் இருக்கிறார். எனக்கு வரும் பார்சலை வாங்கிவைப்பார், அவருக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான் படித்துச் சொல்லுவேன், அவர் பாண்டான் செடியிலிருந்து கேட்காமலே கிள்ளிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அவ்வளவு நெருக்கம் இருந்தும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கேட்பது வேறு கணக்கு என்று என் மூளை எங்கேயோ எழுதிவைத்திருக்கிறது. அவருக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. "விச் ஃப்ளோர்?" என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரத்தில், பூப்போட்ட சட்டையும் மாஜோங் விளையாடப் போகிறபோது போடுகிற பவுடரும், கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையுமாக வந்து இறங்கினார். வந்ததும் என்னைத் திட்டினார். "ஐயோ, யூ கம் காக்கி ஆ? வை நெவர் சே?"

இந்த 'காக்கி' போலீஸ்காரர் சட்டை இல்லை. பினாங்குச் சீனர்கள் பேசுகிற ஹொக்கியனில் காக்கி என்றால் தான், தானே, தனியாக. காக்கி வந்தேன், காக்கி சமைத்தேன், காக்கி சாப்பிட்டேன். மலாயில் காக்கி என்றால் கால். அந்தக் கால்தான் நம் ஊர்ப் பேச்சில் கூட்டாளியும் ஆகியிருக்கிறது, மாஜோங் காக்கி, சேர்ந்து சாப்பிடப் போகிற மக்கான் காக்கி என்று. மாஜோங்குக்கு நாலு காக்கி வேண்டும், மூன்று பேர் கூடி நாலாவது ஆள் வராவிட்டால் ஆண்ட்டி அன்றைக்கு முழுக்கப் புலம்புவார், இன்றைய அர்த்தத்தில். ஒரே ஊரில் ஒரே சத்தம், ஒரு மொழியில் தனியாள், இன்னொன்றில் கூட்டாளி.

கவுண்டர் பிள்ளை புதுப் பாரம் நீட்டினாள். உடன் வந்தவர் பெயரை ஆண்ட்டியே கட்டை எழுத்தில் எழுதினார். உறவுமுறை என்ற கோட்டில் நான் நெய்பர் என்று எழுதப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "நெய்பர் வாட் நெய்பர்? காக்கி லாங் லா."

லாங் என்றால் ஆள். காக்கியோடு லாங் சேர்ந்தால் தனியாள் என்று வர வேண்டும் இல்லையா, வராது. காக்கி லாங் என்றால் நம்ம ஆள், நம்ம சனம். கவுண்டர் பிள்ளைக்கும் ஹொக்கியன் தெரியும் போலிருக்கிறது, சிரித்துவிட்டு, "அக்கா, அப்படியெல்லாம் கீ இன் பண்ண முடியாது, ஃபிரெண்டுன்னு போட்டுக்கிறேன்," என்றாள்.

மிச்சம் எல்லாம் வேகமாக நடந்தது. தொண்டைக்குள் கசப்பாக ஏதோ அடித்தார்கள், நாக்கு கட்டையாகிவிட்டது, இடப் பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள், வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம், கையில் ஊசி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நான் டாக்டரோடு ஐந்து நிமிஷம் பேசினேனாம், இரண்டு கேள்விகூடக் கேட்டேனாம். நர்ஸ் சொன்னது பொய்யில்லை, ஒரு எழுத்து ஞாபகமில்லை.

டாக்டர் சொன்னதை ஆண்ட்டி காடியில் எனக்குச் சொன்னார். கிராப் வாடகைக் காடி, என் காடி மறுநாள் வரைக்கும் மருத்துவமனையிலேயே நின்றது, பார்க்கிங் காசைப் பற்றிப் பேச வேண்டாம். "இன்சைட் யுவர் ஸ்டொமக் காட் சம்பாடி," என்றார் முதலில். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். வயிற்றிலிருந்து துளியூண்டு சதை எடுத்து ஒரு மஞ்சள் பொட்டில் வைத்தார்களாம், அது ரோஸ் ஆனதாம், ரோஸ் ஆனால் கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரி. இரண்டு வாரத்துக்கு மருந்து, காலை ராத்திரி, ஒரு வேளைகூட விடக் கூடாது, காப்பி கூடாது. வயிற்றின் அமிலத்தில் எதுவும் பிழைத்திருக்க முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு நிரூபித்தார், 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் வாங்கினார். இதையெல்லாம் அன்று சாயங்காலம் படுத்துக்கொண்டே படித்தேன். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசிலேயே வீட்டு ஆட்களிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமாம். அப்படியானால் தோட்டத்து லயத்து வீட்டில், ஒரே தட்டில் அண்ணனும் நானும் அம்மா உருட்டிக் கொடுத்த சோற்றைத் தின்ற காலத்திலிருந்தே வயிற்றுக்குள் கூட்டமாகக் குடியிருக்கிறார்கள். நான் பாரத்தில் ஐ ஆம் அலோன் என்று எழுதியிருக்கிறேன்.

அண்ணனிடம் சொன்னேன், நீங்களும் போய்ப் பாருங்கள் என்று. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பதினோராவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் ஆண்ட்டி என் கைப்பையைக் கொடுக்கவில்லை, நான் கிரில் பூட்டைத் திறந்து உள்ளே போகிற வரைக்கும் வைத்திருந்தார். சிவப்புப் பையில் இருந்தது கஞ்சி, தூக்குப் போணியில், தனியாக ஒரு பொட்டலத்தில் உப்பு முட்டை. அதைத் தூக்கிக் காட்டி, "யூ ஈட் காக்கி, ஆர் கம் மை ஹவுஸ் ஈட்?" என்று கேட்டார்.

தலை கிறுகிறுவென்று இருந்தது, வாய் இன்னும் பாதி மரத்துத்தான் கிடந்தது. "டுடே காக்கி, ஆண்ட்டி," என்றேன்.

"ஓகே," என்று கிரில் கம்பியில் பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.